வண்ணக்கன் கண்ணும் எட்டு றியாலும்

சங்கத் தொகைகளிற் பாடிய புலவர் சிலருடைய பெயரோடு ‘வண்ணக்கன்’ என்னும் அடை ஒட்டி நிற்கின்றது. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்போர் அவ்வாறு அறியப்பட்டவர். வண்ணக்கனாவான் பொன்னின் மாற்றையும் காசின் வாய்மையையும் ஆராய்ந்து உரைப்பவன் என்பர் அகராதியார். பிற இடங்களில் இச்சொல் ஏட்டளவில் ஒடுங்கிவிட, மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் அது இன்றும் நாவழக்கில் உலவுகின்றது. கோயிலின் உடைமைகளைப் பேணும் பொறுப்பாளரை அங்கே வண்ணக்கர் என்றே அழைப்பர். காசை நோட்டம் பார்த்தவன் காலப்போக்கிற் காசைக் காப்பவனாயினான் எனக் கருதுதல் பொருந்தும். மெய்க்காசு எது, பொய்க்காசு எது என்று அறியாதவனிடம் எந்த ஊரும் உண்டியலின் திறவுகோலைக் கொடுப்பதில்லை.

அவ்வூர்களுள் ஒன்று தேற்றாத்தீவு. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் அணைய, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே எருவிற் பற்றில் அமைந்த அவ்வூர், தேற்றா மரத்தாற் பெயர் பெற்றது என்பர். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் நீர் தெளியும். கலித்தொகையும் இம்மரத்தை இல்லம் என்னும் பெயராற் சுட்டி அதன் காழை உவமையாக்கியது. கீழைக்கரையின் பழங்காசுகளைப் பற்றி எழுதப்படுவனவற்றில் இன்று கலங்கலே மிகுதி. ஆதலால், நோட்டகாரனின் பட்டமும் தேற்றுமரத்தின் பெயரும் ஒருங்கே வழங்கும் இந்நிலத்தில் நின்று அக்கலங்கலை ஆராய்தல் தகும்.

கலங்கல் யாதெனின், சிலுவைக்குறி தெரியும் எந்த வெள்ளித்துண்டையும் ‘பறங்கிக்காசு’ எனப் பெயரிட்டு அமைந்துவிடும் வழக்கமேயாம். ஊர் வரலாறுகளிலும் கோயில் மலர்களிலும் இவ்வகைக் காசுகளின் படம் வரும்போது பெரும்பாலும் ஒருபுறப் படமே வருகின்றது. நிறை கூறப்படுவதில்லை, விளிம்பு காட்டப்படுவதில்லை, எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதும் இல்லை. படத்தின் கீழே ‘போர்த்துக்கேயர் காலம்’ என்ற இரண்டு சொற்கள் மாத்திரம் உறுதியோடு நிற்கும். எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக இலங்கை நாணயங்களைப் பற்றிய பெருநூலைத் தந்தபோது, நிறையும் அளவும் இன்றிக் காசைப் பேசுதல் பேச்சன்று என்பதை ஒவ்வொரு பக்கத்தாலும் காட்டினார். பின்வந்தோருட் பலர் அந்நூலைப் படப்புத்தகமாகப் பயன்கொண்டனரேயன்றி அளவைநூலாகப் பயன்கொள்ளவில்லை.

சிலுவை போர்த்துக்கல்லுக்கு மட்டும் உரிய குறியன்று. இசுப்பானியப் பேரரசின் அமெரிக்க அக்கசாலைகளில் வார்ப்பின்றிக் கையால் அடிக்கப்பட்ட வெட்டுக்காசுகளிலும் சிலுவையே முதன்மைக் குறி. வெள்ளிப்பாளத்தைத் துண்டாக்கி, நிறை மிகின் ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு அச்சுகளின் நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தனர். அதனால் அவற்றுக்கு வட்டமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. பிட்டுப்போட்ட அப்பளத் துண்டுபோல் ஒவ்வொன்றும் வெவ்வேறு உருவம். பொத்தோசியிலும் லீமாவிலும் அடித்தவற்றிற் சிலுவையின் நான்கு மூலைகளில் அரிமாவும் கோட்டையும் மாறிமாறி நிற்கும். அவை லியோன், காசுத்தீல் என்னும் இரண்டு நாடுகளின் சின்னங்கள். மெக்சிக்கோவிற் சிலுவையின் கைகள் நுனியில் உருண்டைகொண்டு மலர்ந்திருக்கும். போர்த்துக்கேயர் காசின் அரசச்சின்னமோ ஐந்து சிறு கேடயங்களைக் கொண்டது. அரிமாவுக்கும் கேடயத்துக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை மாணவன் ஒருவன் கால்மணி நேரத்தில் அறிந்துகொள்ளலாம். அறியாது எழுதியோர் அரை நூற்றாண்டாக எழுதி வருகின்றனர்.

இக்குழப்பத்துக்கு வரலாறும் ஒரு துணை. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடி இசுப்பானிய மன்னரின் தலையில் இருந்தது. மட்டக்களப்பிற் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பியபோது அவர்தம் அரசன், இசுப்பானியாவில் நான்காம் பிலிப்பு எனவும் போர்த்துக்கல்லில் மூன்றாம் பிலிப்பு எனவும் எண்ணப்பட்ட ஒருவனே. ஆகவே பிலிப்பு என்னும் பெயரைக் காசிற் கண்டவுடன் பறங்கியர்க்கும் அக்காசுக்கும் தொடர்பு கற்பித்தல் எளிது. ஆயின் அரசன் ஒருவனாயினும் அக்கசாலைகள் வேறு, அளவைகள் வேறு. கோவாவிலும் இலங்கையிலும் வழங்கிய போர்த்துக்கேயத் தங்கம் என்னும் வெள்ளிக்காசு தன்வழியே நின்றது. எட்டு றியால் தன்வழியே நின்றது. காசை அடித்தவன் யார் என்று கேட்க வேண்டிய இடத்தில் ஆண்டவன் யார் என்று கேட்பதனால் விடை பிழைக்கின்றது.

எட்டு றியால் இக்கரைக்கு வந்த வழி பறங்கியர் வழி ஒன்றே என்று கொள்ளுதலும் தவறு. ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டி மன்னன் விமலதர்மசூரியனிடம் சென்றான். அவ்வாண்டிலேதான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி தோன்றியது. ஒல்லாந்தர் இசுப்பானிய மன்னனோடு 1648 வரை போரிலிருந்தனர். அப்போர்க்காலம் முழுவதும் அவர்தம் கப்பல்கள் கீழைநாட்டு வாணிகத்துக்குச் சுமந்து வந்த வெள்ளியிற் பெரும்பகுதி அப்பகைவனின் முத்திரை பொறித்த றியாலே! பகைவனின் முகத்தை வெறுத்தாலும் அவன் வெள்ளியை வெறுப்பாரில்லை. 1638 மே மாதத்தில் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். அக்கோட்டையின் வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் வாவிமுகத்தில் எட்டு றியால் கைமாறியிருத்தல் இயல்பே. அது பறங்கியர் பணம் அன்று. ஒல்லாந்தர் பணமும் அன்று. அக்காலத்தில் உலகம் ஒப்புக்கொண்ட பணம்.

சொல்லும் இங்கே ஏமாற்றும். பழைய தமிழ் உறுதிகளில் வரும் ‘இறைசால்’ என்பது ஒல்லாந்தரின் றெயிக்சுடாலர். 48 துட்டு அல்லது 12 பணம் எனக் கணக்கிற் பிரிந்த தொகை. அது பெரும்பாலும் கணக்கேட்டுப் பணமே. இறைசாலையும் றியாலையும் ஒலியொற்றுமையால் ஒன்றாக்கி, உறுதியிற் கண்ட தொகைக்கு இசுப்பானிய வெள்ளியைச் சான்றாக்குதல் ஆகாது.

இனிச் சோதனைக்கு வருவோமாயின், இத்தீவிற் காசுச் சோதனையைப் பற்றிக் கண்ணாரக் கண்டு எழுதிய சான்றாளன் ஒருவன் உளன். ரொபேட்டு நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்திற் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து 1679இல் தப்பியோடினான். அவனது நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அங்கே வழங்கிய காசுகளை அவன் மூவகையாகப் பகுக்கின்றான். ஒன்று, ஒருபுறம் அரசச்சின்னமும் மறுபுறம் துறவியொருவரின் உருவும் கொண்ட போர்த்துக்கேயத் தங்கம். இரண்டாவது, அரசன் அடித்த பணம். மூன்றாவது, தூண்டில்போல் வளைந்த வெள்ளி. சிங்களர் கொக்கு றிதி என்பது அதுவே. இம்மூன்றாம் வகையை எவரும் செய்துகொள்ளலாம், தாம் விரும்பிய குறியை அதிற் பொறிக்கலாம் என்கின்றான். அதன் வெள்ளி எட்டு றியாலிலும் தூயது என்றும், ஐயம் எழுந்தால் அதை நெருப்பிற் செவ்வெப்பமாகக் காய்ச்சி நீரிலிட்டு, வெண்மை குன்றாதிருப்பின் மாத்திரமே ஏற்பர் என்றும் கூறுகின்றான்.

நொக்ஸின் இக்கூற்றை எடுத்தாண்டோர் பலர். நிறுத்துப் பார்த்தோர் சிலரே. நிறுத்துப் பார்த்தால் அது மெய் என்பது மட்டுமன்றி, மெய்ம்மை என்பதன் பொருளையே இரண்டாகப் பிளக்கும் கூற்று என்பதும் விளங்கும். 1728க்கு முற்பட்ட எட்டு றியாலின் சட்டநிறை 27.47 கிராம், அதில் ஆயிரத்துக்கு 931 பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. இத்தகைய கலப்பைச் செவ்வெப்பமாகக் காய்ச்சினால் மேற்பரப்பிலுள்ள செம்பு காற்றோடு கூடிக் கருமை பூக்கும். எனவே மன்னனின் அக்கசாலையிற் பழுதின்றி அடிக்கப்பட்ட மெய்யான எட்டு றியால், கண்டிச் சோதனையிற் கருத்துத் தோற்கும். யாரோ ஒரு தட்டான் தன் பட்டறையில் வளைத்து, ஏதோ ஒரு கீறலைப் பொறித்த தூய வெள்ளிக்கம்பி வெல்லும். இசுப்பானியாவிற் குறிக்கு மதிப்பு, உலோகம் அதன் பின்னே நின்றது. கண்டியில் உலோகத்துக்கு மதிப்பு, குறி வெறும் அலங்காரம். நொக்ஸ் இரண்டையும் ஒரே தராசில் இட்டு ஒன்றினும் மற்றது தூயது என்று முடித்துவிட்டான். தராசே இரண்டு என்பதை அவன் கவனிக்கவில்லை. நெருப்பைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும் நாட்டில் முத்திரை எதற்கு என்னும் வினா அவனுக்கு எழவில்லை. ஆயினும் அவன் கண்டதை மறைக்காது எழுதினான். அப்புகழ் அவனுக்கு உரியது.

குறியை நம்பியோர்க்கு நேர்ந்ததையும் அக்காலமே காட்டிவிட்டது. இசுப்பானியக் காசின் முகத்தில் அக்கசாலையின் எழுத்தோடு அதன் வண்ணக்கனுடைய பெயரெழுத்தும் பொறிக்கப்படும்; காசின் தூய்மைக்கு அவன் தலையே பிணை. பொத்தோசி அக்கசாலையில் வெள்ளி வணிகரும் அலுவலரும் கூடி வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி ஆண்டுக்கணக்காகக் காசடித்தமை 1649இல் வெளிப்பட்டது. பிரான்சிஸ்கோ கோமெஸ் தே லா ரோச்சா என்னும் பெருவணிகன் 1650இற் கொல்லப்பட்டான். வண்ணக்கன் பெலிப்பே ராமிரெஸ் தே அரெல்லானோவின் தலையும் தப்பவில்லை. 1652இல் அக்கசாலை காசின் கோலத்தையே மாற்றி, கடலலையின்மேல் இரண்டு தூண் நிற்கும் புதிய அச்சை எடுத்தது. இடைப்பட்ட காலத்திற் பெருநாட்டு வெள்ளியைச் சந்தைகள் ஐயத்தோடு நோக்கி மெக்சிக்கோ வெள்ளியை விரும்பின. நொக்ஸ் கொட்டியாரத்திற் பிடிபட்டது இதற்குப் பத்தாண்டின் பின். எட்டு றியாலிலும் கொக்கு றிதி தூயது என்று சொல்லிய நாடு காரணமின்றிச் சொல்லவில்லை.

இங்கே நாணயத் தொகுப்பாளர் ஒரு நுட்பத்தைக் கருதுதல் வேண்டும். 1649க்கு முற்பட்ட பொத்தோசிக் காசில் வெள்ளி குறைவென்று சோதனை கூறினால் அது பொய்க்காசாகாது. அதே அக்கசாலையில், அதே அச்சால், மன்னன் பெயரில் அடிக்கப்பட்டது. ஆகவே காசு மெய், வாக்குப் பொய். மாறாக இன்று செய்யப்படும் போலிகளுட் சில நல்ல வெள்ளியிலேயே அடிக்கப்படுகின்றன. அவற்றில் உலோகம் மெய், காசு பொய். தட்டாரிடம் கொண்டுசென்று ‘வெள்ளிதானா’ என்று கேட்டு, ‘ஆம்’ என்றவுடன் மகிழ்ந்து மீள்வோர் இந்த வேறுபாட்டை அறியாதவர். அவர் கேட்ட வினா கண்டியின் வினா. அவர்க்கு வேண்டிய விடையோ மெக்சிக்கோவின் விடை.

வெட்டுக்காசை அடுத்து வந்தது பொறியில் அடித்த வட்டக்காசு. மெக்சிக்கோவில் 1732இல் தொடங்கிய இவ்வகையில், கடலின்மேல் இரண்டு உலக உருண்டைகள் ஒன்றையொன்று மறைத்து நிற்க, இருமருங்கும் முடிசூடிய தூண்கள் எழும். ‘இரண்டும் ஒன்றே’ என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் சுற்றிலும் ஓடும். தூண்களைச் சுற்றிய நாடாவில் ‘இன்னும் அப்பால்’ என்று எழுதப்பட்டிருக்கும். உலகின் எல்லை எனப்பட்ட தூண்களைத் தாண்டிச் சென்றதைப் பெருமிதத்தோடு சொல்லும் இக்காசைப்போல் அழகியது வாணிகக் காசுகளுள் அரிது. 1772 முதல் அவ்வழகு நீங்கி அரசனின் தலை வந்தது. எவ்வளவு பெரிய வீழ்ச்சி! நிறை 1728 முதல் 27.06 கிராமாகவே நிற்க, வெள்ளி மாத்திரம் ஆயிரத்துக்கு 917இலிருந்து 1772இல் 903 ஆகவும், 1786இல் 896 ஆகவும் மறைவாகக் குறைக்கப்பட்டது. மன்னனே செய்த கலப்புக்குத் தண்டனை இல்லை.

இப்பொறிக்காசுகளிற் போலியை அறிய விளிம்பே முதற் சான்று. தூண்காசின் விளிம்பில் இதழ்க்கோலமும், தலைக்காசின் விளிம்பில் வட்டமும் கட்டமும் மாறிமாறியும் வரும். காசை அடிக்குமுன் இரண்டு பட்டைகளின் நடுவே அதனை உருட்டி இக்கோலத்தைப் பதித்தனர். ஆதலால் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டிடத்திற் கோலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ நெருங்கியோ நிற்கும். அச்சிறு குழப்பம் மெய்ம்மையின் அடையாளம். வார்த்தெடுத்த போலியில் அக்குழப்பம் இராது. அதற்கு மாறாக, இரண்டு அச்சுப்பெட்டிகள் கூடிய கோடு விளிம்பைச் சுற்றி ஓடும், அல்லது அக்கோட்டை அரத்தால் தேய்த்த தழும்பு இருக்கும். ஒழுங்கு மிகுந்த விளிம்பைக் கண்டு மகிழ்தல் நோட்டகாரனுக்கு அடாது.

எழுத்தும் ஆண்டும் அடுத்த சான்று. மெக்சிக்கோவின் எழுத்து ‘எம்’, அதன் தலைமேற் சிறு ‘ஓ’. பொத்தோசியின் பிற்கால எழுத்து ‘பி’, ‘டி’, ‘எஸ்’ ஆகியன பின்னிய ஒரு முடிச்சு. லீமாவுக்கும் அத்தகைய முடிச்சொன்று உண்டு. அரசன் தலையோடு கூடிய மெக்சிக்கோக் காசில் 1772க்கு முற்பட்ட ஆண்டு காணப்படின் அதனை அப்பொழுதே கீழே வைத்துவிடலாம். இவ்வளவிற் சோதனை எளிதென்று தோன்றும். ஆயின் பொருந்தாமை எல்லாம் பொய்யன்று. இவ்விடத்திலேதான் அரைகுறை அறிவு மெய்க்காசைக் கொன்றுவிடும். மூன்றாம் சார்லசு 1788 டிசம்பரில் இறந்தான். நான்காம் சார்லசின் உருவம் கடல் கடந்து வருமளவும் அக்கசாலை சும்மா இருக்கவில்லை. 1789, 1790 ஆகிய ஆண்டுகளின் காசிற் பெயர் மகனுடையது, முகம் தந்தையுடையது. 1808இற் பெர்டினாந்து முடிசூடியபோதும் அவ்வாறே. அவன் முகத்தைக் காணாத அமெரிக்கச் சிற்பிகள் தம் கற்பனைக்கேற்ற ஒரு முகத்தை அச்சில் வெட்டினர். 1811 வரை அக்கற்பனை முகமே சந்தையில் உலவியது. 1772, 1773 ஆகிய ஆண்டுகளில் மெக்சிக்கோவின் எழுத்துகள் தலைகீழாக நிற்றலும் உண்டு. படத்தொடு ஒப்பிட்டு ‘முகம் பொருந்தவில்லை, எழுத்துத் தலைகீழ், ஆகவே போலி’ எனத் தள்ளுவோன் இவை எல்லாவற்றையும் தள்ளிவிடுவான்.

போலியும் பழமையுடையது. நியூ ஓர்லியன்சு அக்கசாலையிற் பணிபுரிந்த ஜோன் லெனாட் றிடெல் என்பார் மெய்யும் பொய்யுமான வெள்ளி டாலர்களைத் தொகுத்து ஒவ்வொன்றின் நிறையையும் தரத்தையும் சோதித்து 1845இல் நூலாக்கினார். இசுப்பானியக் காசு வழக்கிலிருந்த நாளிலேயே அதனைப் போலியாக அடித்துச் செலவிட்டோர் எத்தனை பேர் என்பதற்கு அந்நூலே போதிய சான்று. ஆகவே ‘தேய்ந்திருக்கின்றது, பழையது, எனவே மெய்’ என்னும் வாதம் நில்லாது. இருநூறாண்டுப் பழமையுடைய போலியும் இருநூறாண்டு தேய்ந்தே இருக்கும்.

உலோகத்தை அறியக் காசைக் காயப்படுத்த வேண்டியதில்லை. வெட்டிப் பார்த்தலும் காய்ச்சிப் பார்த்தலும் சராப்புக் கடைக்காரருக்கு உரியன. நல்ல தராசும் நூலும் நீரும் இருந்தாற் போதும். 27.06 கிராம் நிறையுள்ள எட்டு றியாலை நீரில் அமிழ்த்தி நிறுத்தால் ஏறக்குறைய 2.62 கிராம் குறையும். அதன் தன்னீர்ப்பு 10.3 என்பது இதனாற் பெறப்படும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கூடிய ஜெர்மன் வெள்ளியாயின் குறைவு 3 கிராமைத் தாண்டும். பாதி செம்பாயின் தன்னீர்ப்பு 9.7க்குக் கீழே இறங்கும். ஈயமும் தகரமும் தக்க அளவிற் கூடிய கலவை மாத்திரம் இச்சோதனையை ஏமாற்றக்கூடும். ஆயின் அது நகத்துக்கும் இளகும், கல்லில் இட்டால் ஒலியாது. ஒலியையும் அளவுக்குமேல் நம்புதல் கூடாது. உள்ளே வெடிப்புள்ள மெய்க்காசும் ஊமையே.

காசு மெய்யென்று துணிந்த பின்னும் மட்டக்களப்பு வரலாற்றுக்கு அது சான்றாகிவிடாது. கண்டெடுத்த இடம் அறியாத எட்டு றியால் கொழும்பிற் கடையொன்றிலோ இலண்டனில் ஏலத்திலோ நேற்று வாங்கியதாகவும் இருக்கலாம். 1740இற் கவிழ்ந்த ரூஸ்வெயிக், 1743இல் மூழ்கிய ஹொலாந்தியா ஆகிய ஒல்லாந்தக் கும்பனிக் கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்ட மெக்சிக்கோ வெள்ளி, காசு விரும்பிகளின் உலகில் நன்கு அறியப்பட்டது. அவ்வாறு வந்த மெய்யான தூண்காசொன்று தேற்றாத்தீவில் ஒருவர் பெட்டியில் இருந்தால் அது அவர் பெட்டியின் வரலாற்றைக் கூறும். ஊரின் வரலாற்றைக் கூறாது. இடம் எத்துணைப் பேசும் என்பதற்குத் தென்கீழ்க் கடலே சான்று. 1961இற் கிரிந்தைக்கு அப்பாலுள்ள கிரேற் பாசஸ் பாறைத்தொடரில் மைக் வில்சன் முதலானோர் வெள்ளிக்காசுகளைக் கண்டனர். அவை ஔரங்கசீப்பின் பெயரில் அடித்த சூரத்து உரூபாய்கள். ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1702 அளவினது. துணிப்பை மக்கிப்போக, காசுகள் பையின் வடிவிலேயே கட்டியாக இறுகிக் கிடந்தன. ஆதர் சி. கிளார்க் அச்செய்தியை 1964இல் நூலாக எழுதினார். ஒரே அக்கசாலை, ஒரே ஆண்டு, பையின் உருவம் ஆகிய மூன்றும் கூடியே, புதிதாய் அடித்த காசைச் சந்தைக்குக் கொண்டுசென்ற கப்பலொன்றைக் கண்முன் நிறுத்தின. அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துத் துலக்கி மோதிரத்திற் பதித்திருந்தால் அது ஓர் உரூபாய், அவ்வளவே.

‘அப்படியாயின் இக்கரையில் எட்டு றியால் ஏன் மிகுதியாக வெளிப்படவில்லை’ என்பாரும் உளர். விடை நொக்ஸின் நூலிலேயே கிடக்கின்றது. அவன் அதனை விடையென்று அறியாது எழுதினான். வெள்ளிச் சுரங்கம் இல்லாத தீவில் எவரும் வெள்ளியை வளைத்துக் கொக்கு றிதி செய்யலாம் என்றால், அவ்வெள்ளி கடல்வழியேதான் வந்திருத்தல் வேண்டும். வந்த வெள்ளியில் றியாலும் ஒன்று. அதை உருக்கிச் செம்பைப் போக்கித் தூண்டிலாக்கினர் எனக் கருதத் தடையில்லை. ஆகவே இத்தீவின் எட்டு றியாலைத் தேடுவோன் சிலுவையும் தூணும் உள்ள வட்டங்களை மட்டும் தேடினால் ஏமாறுவான். வளைந்த கம்பிகளுக்குள்ளும் அது மறைந்து கிடக்கலாம். பிற்காலத்தில் 1825ஆம் ஆண்டின் ஆணை பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் இசுப்பானிய டாலருக்கு 4 சிலிங் 4 பென்சு என மதிப்பிட்டது. 1872இல் இலங்கை உரூபாய்க் கணக்குக்கு மாறியது. வழக்கொழிந்த வெள்ளி தட்டாரின் மூசைக்குப் போகாமல் வேறெங்கே போகும்? எஞ்சியவற்றுட் சில, வளையம் பற்றவைக்கப்பட்டுக் குழந்தைகளின் அரைஞாணிலும் கழுத்திலும் தொங்கியமையால் உயிர் பிழைத்தன. இவற்றை நிறுக்கும்போது வளையத்தையும் பற்றாசையும் கழித்துக் கணக்கிடாவிடின் நிறை பொய்யாகும். வளையத்தை அறுத்து எறிதலோ அதனிலும் பெரும்பிழை. ஊரில் அக்காசு வாழ்ந்ததற்கு உள்ள ஒரே சான்று அவ்வளையமாயிருத்தலும் கூடும்.

துலக்குதலும் அத்தகையதே. உவர்நீரிற் கிடந்த வெள்ளி, உப்பின் குளோரீனோடும் சேற்றின் கந்தகத்தோடும் கூடிக் கருஞ்சாம்பல் மேலோடு கொள்ளும். செம்பு அரித்து வெளியேறுவதால் மேற்பரப்பு உள்ளைக் காட்டிலும் தூயதாகும். தட்டார் புளிநீரிற் கொதிக்கவைத்து வெள்ளியை வெளுப்பதும் இதே விளைவைத் தரும். மேற்செம்பு கரைய, வெள்ளி மாத்திரம் முகங்காட்டும். இக்காலத்து ஆய்வுகூடங்களில் ஊடுகதிரைப் பாய்ச்சி உலோகத்தை எண்ணிக் கூறும் கருவிகள் உள்ளன. அவை கூறுவது மெய்யே. ஆயின் மயிரிழையிலும் மெல்லிய மேற்பரப்பைப் பற்றிய மெய். வாவியோ புளியோ வெளுத்துவிட்ட காசிற் கருவி 960 என்று காட்டினால், அது பொத்தோசியின் தூய்மையன்று, புளியின் தூய்மை. காசின் முழு உடலையும் வினாவுவது அதனினும் பழைய நீர்ச்சோதனையே. அதற்கும் கிணற்றின் நன்னீரோ வடித்த நீரோ வேண்டும். கடல்நீரின் செறிவு 1.025 ஆகையால், அந்நீரில் நிறுத்து அதனை நன்னீர் என்று கணக்கிட்டால் 2.62 கிராமுக்குப் பதிலாக 2.69 கிராம் குறைந்து, தன்னீர்ப்பு 10.1க்கும் கீழே இறங்கி, குற்றமற்ற தூண்காசும் செம்பு மிகுந்ததெனப் பழிக்கப்படும். வாவி நீரின் உப்போ மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று. முகத்துவாரம் திறந்தபோது வேறொன்று.